மயானத்துக்கும் ஒரு சங்கம்: எப்படித் தோன்றியது, என்ன செய்கிறது?

நீலகிரியில் எந்தத் தொழிலுக்கும் ஒரு சங்கம் இருக்கும். சிறு தேயிலை விவசாயிகளுக்கு உண்டு, டாக்சி ஓட்டுபவர்களுக்கு உண்டு, விடுதி நடத்துபவர்களுக்கு உண்டு, மார்க்கெட் கடைக்காரர்களுக்கு உண்டு. மயானத்தையும் தகன மேடையையும் நடத்துகிறவர்களுக்கும் சங்கம் உண்டு, சில நாடுகளில் அது நூறாண்டுக்கு மேலாக இயங்குகிறது என்றால் பலருக்கும் அது புதுச் செய்தியாக இருக்கும். சாவு வீட்டுக்குப் போகிறோம், மயானம் வரை நடக்கிறோம், மண் போட்டுவிட்டோ கொள்ளி வைத்துவிட்டோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். அந்த இடத்தை அடுத்த ஆண்டும் ஐம்பது ஆண்டு கழித்தும் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசிக்க அந்த நேரத்தில் யாருக்கும் மனசு இருக்காது. அதை யோசிப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் கூடிய கதைதான் இந்தச் சங்கங்களின் வரலாறு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். எஸ்டேட் லைன்களிலும் நகரத்துப் பேட்டைகளிலும் மாதம் ஒரு தொகை கட்டி, வீட்டில் ஒரு சாவு விழுந்தால் செலவுக்குப் பணம் தரும் குழுக்கள் இருக்கின்றன. அவை குடும்பங்களின் சங்கங்கள். நான் சொல்லவருவது வேறு. கல்லறைத் தோட்டத்தை மேற்பார்க்கும் ஆள், தகன மேடையை இயக்கும் ஆள், அந்த நிலத்துக்குச் சொந்தமான நகராட்சி, தேவாலயக் குழு அல்லது தனியார் நிறுவனம் என்று வேலை செய்யும் பக்கத்தில் நிற்பவர்கள் சேரும் சங்கம் இது. எப்படிச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று விதி வகுப்பது, புதியவர்களுக்குப் பயிற்சி தருவது, அரசோடு பேசுவது, கணக்கெடுத்து வெளியிடுவது ஆகியவை அதன் வேலைகள்.

இதை நம் மலையை வைத்துப் புரிந்துகொள்வது எளிது. இவ்வளவு சிறிய பரப்பில் இத்தனை வகையான மயானங்கள் உள்ள இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

மலைமேல் உள்ள பழைய ஏற்பாடுகள்

நீலகிரியின் உச்சிகளில் கல் வட்டங்களும் கல் குவியல்களும் உள்ளன. அவை பழங்கால ஈமச் சின்னங்கள். நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் அவற்றில் பலவற்றைத் தோண்டினார். விலங்கு உருவங்கள் வைத்த மூடியுடைய மண் கலங்களும் வெண்கலக் கிண்ணங்களும் கிடைத்தன. 1872-ல் அவர் இறந்தார், அடுத்த ஆண்டு அவருடைய பதிவுகள் அச்சாயின. ஊட்டியில் பிரீக்ஸ் பள்ளி என்று நாம் சொல்வது அவர் நினைவாக வந்ததுதான். பழனி மலையில் தாண்டிக்குடி, பெருமாள்மலை பக்கங்களில் கல்திட்டைகள் உள்ளன. செண்பகனூர் இயேசு சபைத் துறவிகளான ஆங்கிலேடும் நியூட்டனும் அவற்றை அளந்து எழுதியதை 1928-ல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. எழுதப்பட்ட வரலாறே இல்லாத அந்த மக்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி, அவர்கள் தங்கள் இறந்தவர்களை எப்படி வைத்தார்கள் என்பதிலிருந்து தெரிந்ததுதான்.

பிறகு, இன்றும் வாழும் மக்களின் முறைகள். தோடர்களும் கோத்தர்களும் சாவுக்கு இரண்டு சடங்குகள் செய்துவந்தவர்கள். உடலை எரிக்கும்போது ஒன்று, சில காலம் கழித்து மற்றொன்று. ஆய்வாளர்கள் பச்சைச் சடங்கு, உலர் சடங்கு என்று இவற்றைக் குறிப்பார்கள். தோடர் வீட்டுச் சாவுக்கும் படகர் வீட்டுச் சாவுக்கும் கோத்தர்கள் போய் இசைக்கருவிகள் வாசிப்பது பழைய வழக்கம். படகர் சாவில் பெரியவர் ஒருவர் இறந்தவரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவை நீங்கட்டும் என்று கூடியிருப்பவர்கள் சேர்ந்து சொல்வார்கள். இந்த ஏற்பாடுகளில் மயானத்துக்கென்று தனி அலுவலர் யாரும் இல்லை. படகர் ஊரான ஹட்டியும் தோடர் ஊரான மந்துவும் கோத்தர் ஊரான கொக்காலும் அதே இடத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்ததால், ஊரே காவலாக இருந்தது.

வெள்ளைக்காரர்கள் கட்டிய கல்லறைத் தோட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் தேவாலயத்துக்கு 1829-ல் அடிக்கல் நாட்டினார்கள், 1831-ல் அது வழிபாட்டுக்குத் திறந்தது. அதன் பின்சரிவில் இருக்கும் கல்லறைகளில், கோவை கலெக்டராக இருந்து ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். செயின்ட் தாமஸ் தேவாலயத்தில் 1881-ல் பதவியில் இருக்கும்போதே இறந்த சென்னை கவர்னர் வில்லியம் பேட்ரிக் ஆடமின் கல்லறை இருக்கிறது. சேரிங்கிராஸ் நீரூற்று அவர் பெயரில் வைத்ததுதான். கொடைக்கானலில் 1845-ல் வந்து தங்கிய அமெரிக்க மிஷனரிகளும் தங்கள் முதல் தேவாலயத்தை ஒட்டியே இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். 1947-க்குப் பிறகு இந்தக் குடும்பங்கள் போய்விட்டன. கல்லறை இங்கே, பேரப்பிள்ளைகள் கடல் தாண்டி. மழை நாளில் சரிவில் மண் நகரும், கல் சாயும், கல்லுக்கு நடுவே புதர் வளரும். மலையில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதுதான்.

குடும்பம் போன பிறகும் இடம் இருக்கிறது. அப்போது பொறுப்பு யாருடையது? ஐரோப்பாவும் அமெரிக்காவும் இந்தக் கேள்வியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே மாட்டிக்கொண்டன. அதற்குக் கிடைத்த பதில்களில் ஒன்றுதான் சங்கம்.

மேற்பார்வையாளர்கள் கூடிய ஆண்டு

இங்கிலாந்தில் ஒருவர் இறந்தால் அவருடைய பங்குத் தேவாலய முற்றத்தில் புதைப்பதே வழக்கமாக இருந்தது. தொழிற்சாலைகள் வந்து நகரங்கள் வீங்கியதும் அந்த முற்றங்கள் நிரம்பி வழிந்தன. ஒரு குழியின் மேல் இன்னொரு குழி, அதன் மேல் இன்னொன்று. காலரா வந்தபோது அச்சம் இரட்டிப்பானது. 1832-ல் பாராளுமன்றம் அனுமதி தர, பங்குதாரர்கள் பணம் போட்ட ஒரு நிறுவனம் லண்டனுக்கு வெளியே கென்சல் கிரீனில் நிலம் வாங்கிக் கல்லறைத் தோட்டம் அமைத்தது. பாரிஸில் பெர் லஷேஸ் 1804-லேயே திறந்திருந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் அருகே மவுண்ட் ஆபர்ன் 1831-ல் வந்தது. மயானம் தேவாலயத்தின் கையிலிருந்து நிறுவனத்தின் கைக்கும் நகராட்சியின் கைக்கும் போன காலம் அது.

நிலம் பெரிதானதும் அதைப் பார்க்க முழுநேர ஆள் தேவைப்பட்டார். அவருக்கு நில அளவை தெரிய வேண்டும், வடிகால் தெரிய வேண்டும், மரம் வளர்க்கத் தெரிய வேண்டும், அழுது நிற்கும் குடும்பத்தோடு பேசவும் தெரிய வேண்டும். இந்த வேலைக்கு எந்தப் பள்ளியும் கிடையாது. அவர்களில் பெரிய பெயர் அடால்ஃப் ஸ்ட்ராக். ஜெர்மன் பகுதியில் பிறந்து தோட்டக்கலை கற்று, 1850-களில் சின்சினாட்டி நகரத்தின் ஸ்பிரிங் குரோவ் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். அங்கே ஒவ்வொரு குடும்பமும் தன் இடத்தைச் சுற்றி இரும்பு வேலி போட்டு, வரப்புக் கல் பதித்து, இஷ்டத்துக்குத் தூண் எழுப்பியிருந்தது. ஸ்ட்ராக் வேலிகளை எடுக்க வைத்தார், வரப்புகளை மட்டமாக்கினார், இடமெங்கும் ஒரே புல்வெளியாக விரித்தார். குடும்பங்கள் கோபப்பட்டன. ஆனால் முழு நிலத்தையும் ஒரே சீராகப் பராமரிக்க முடிந்தது அதனால்தான். வேலி போட்ட குடும்பம் ஒருநாள் இல்லாமல் போகும், வேலி மட்டும் துருப்பிடித்து நிற்கும் என்பதை அவர் முன்கூட்டியே பார்த்துவிட்டார். ஊட்டிச் சரிவில் சாய்ந்து கிடக்கும் இரும்புக் கம்பிகளைப் பார்க்கும்போது இவர் எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் என்று நான் வியப்பதுண்டு.

ஸ்ட்ராக் 1883-ல் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1887-ல், அதே சின்சினாட்டியில் கல்லறைத் தோட்ட மேற்பார்வையாளர்கள் கூடி அமெரிக்கக் கல்லறை மேற்பார்வையாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். முதலாளிகள் கூடிய சங்கமல்ல அது. மண்ணில் கால் வைத்து வேலை செய்தவர்கள் கூடியது. ஆண்டுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நகரத்தில் கூடி, அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தை நடந்து பார்த்து, சாலை போடுவது, புல் வளர்ப்பது, பதிவேடு எழுதுவது, கல்லின் உயரத்துக்கு வரம்பு வைப்பது பற்றிப் பேசினார்கள். 1891-ல் சிகாகோவிலிருந்து இந்தத் தொழிலுக்கென்றே ஒரு மாத இதழ் வரத் தொடங்கியது. அதுவரை ஒவ்வொருவரும் தனியாகத் தவறு செய்து தனியாகக் கற்றுக்கொண்டார்கள். இப்போது ஒருவர் கற்றது எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. பிற்காலத்தில் அமெரிக்கக் கல்லறைச் சங்கம் என்று ஆனது, அப்புறம் அடக்கச் சேவை நடத்துபவர்களையும் சேர்த்துக்கொண்டு பன்னாட்டுச் சங்கமானது, கடைசியில் தகனமும் பெயரில் சேர்ந்தது. தொழில் எந்தப் பக்கம் நகர்ந்ததோ அந்தப் பக்கம் சங்கமும் நகர்ந்தது. பிரிட்டனிலும் 1913-ல் கல்லறை மேற்பார்வையாளர்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. இன்று அது கல்லறை, தகன நிர்வாகத்துக்கான பயிற்சி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.

நிரந்தரப் பராமரிப்பு நிதி

இந்தச் சங்கங்கள் பரப்பிய யோசனைகளில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? இடம் விற்பதிலிருந்து. இடம் எல்லாம் விற்றுத் தீர்ந்ததும் வருமானம் நின்றுவிடும். செலவு நிற்காது. புல் வளர்ந்துகொண்டே இருக்கும், சுவர் இடிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு இடத்தின் விலையிலும் ஒரு பங்கை எடுத்துத் தனி நிதியில் போட்டு, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் பராமரிப்புக்குச் செலவிட வேண்டும்.

உதாரணமாக ஒரு இடத்துக்கு ரூ.20,000 வாங்குகிறார்கள், அதில் ரூ.2,000-ஐ நிதியில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத வட்டியில் ஆண்டுக்கு ரூ.120 வரும். ஒன்றுக்கும் ஆகாத தொகை போலத் தெரியும். ஆனால் 1,000 இடங்கள் சேர்ந்தால் ஆண்டுக்கு ரூ.1,20,000, அதாவது மாதம் ரூ.10,000. ஒரு ஆளைப் பகுதி நேரமாவது வேலைக்கு வைத்துப் பாதையைச் சுத்தமாக வைத்திருக்க இது போதும். விலைவாசி ஏறும் என்பதால் வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பகுதியை முதலோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் முப்பது ஆண்டில் நிதி தேய்ந்துவிடும். நிதியை நிர்வாகச் செலவுக்குத் திருப்பிவிடவும் கூடாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இப்படி நிதி வைப்பது சட்டமாகவே இருக்கிறது. மலையில் உள்ள பழைய கல்லறைகளில் கல்லுக்கும் சிற்பத்துக்கும் கொட்டிய பணத்தில் பத்தில் ஒரு பங்கு இப்படி வைக்கப்பட்டிருந்தால், இன்று பல இடங்களின் நிலை வேறாக இருந்திருக்கும்.

தகனம் எப்படி நுழைந்தது

நமக்கு உடலை எரிப்பது புதிதல்ல. கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கு அது பெரும் சண்டைக்குரிய விஷயம். அந்தச் சண்டையில் ஒரு இந்தியரும் இருக்கிறார். கோலாப்பூர் இளம் அரசர் ராஜாராம் ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் 1870 நவம்பர் இறுதியில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் இறந்தார். இந்து முறைப்படி அவரை ஆர்னோ ஆற்றங்கரையில் எரிக்க நகரம் அனுமதி தந்தது. அந்த இடத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, அருகில் உள்ள பாலத்தையும் அந்நகரத்தார் இந்தியர் பாலம் என்றே சொல்கிறார்கள். அதே காலத்தில் இத்தாலிய மருத்துவர்கள் மூடிய அறைக்குள் உடலை எரிக்கும் உலைகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1873 வியன்னா கண்காட்சியில் பாதுவா பேராசிரியர் புருனெட்டி வைத்த மாதிரியை விக்டோரியா அரசியின் அறுவை மருத்துவரான ஹென்றி தாம்சன் பார்த்தார். ஊர் திரும்பி, 1874 ஜனவரியில் பிரிட்டன் தகனக் கழகத்தைத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கழகத்தில் தகன மேடை நடத்தும் ஒருவர் கூட இல்லை. நடத்த மேடையே அப்போது இல்லை. மருத்துவர்களும் எழுத்தாளர்களும் கலைஞர்களும் ஒரு கொள்கைக்காகக் கூடினார்கள். கல்லறைக்காரர்களின் சங்கம் வேலையிலிருந்து பிறந்தது. தகனக்காரர்களின் சங்கம் பிரசாரத்திலிருந்து பிறந்தது.

கழகம் லண்டனுக்குத் தென்மேற்கே வோக்கிங்கில் நிலம் வாங்கி உலை கட்டியது. 1879-ல் ஒரு குதிரையின் உடலை எரித்துச் சோதித்தார்கள். ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், உள்துறை அமைச்சர் வழக்குப் போடுவேன் என்று எச்சரித்தார். உலை ஆறு ஆண்டுகள் சும்மா கிடந்தது. முட்டுக்கட்டையை உடைத்தவர் வேல்ஸ் நாட்டில் ஒரு வயதான மருத்துவர், வில்லியம் பிரைஸ். 1884 ஜனவரியில் இறந்துபோன தன் கைக்குழந்தையை ஒரு குன்றின் மேல் எரிக்க முயன்றதற்காகக் கைதானார். கார்டிஃப் நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்டீபன், பிறருக்குத் தொல்லை இல்லாமல் செய்தால் தகனம் குற்றமல்ல என்றார். அடுத்த ஆண்டு, 1885 மார்ச்சில், வோக்கிங்கில் முதல் மனித உடல் எரிக்கப்பட்டது. அந்த ஆண்டு முழுவதும் மொத்தம் 3 பேர்தான். 1902-ல் தகனச் சட்டம் வந்தது.

மேடைகள் பெருகிய பிறகுதான் நடத்துபவர்களின் கூட்டமைப்பு தேவைப்பட்டது. பிரிட்டனில் அது 1924-ல் உருவானது. அமெரிக்காவில் மருத்துவர் ஹ்யூகோ எரிக்சன் முன்னின்று 1913-ல் அமெரிக்கத் தகனச் சங்கத்தைத் தொடங்கினார். 1975-ல் அது வட அமெரிக்கத் தகனச் சங்கம் ஆனது. 1937-ல் லண்டனில் பன்னாட்டுக் கூட்டமைப்பு அமைந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1963-ல் தடையைத் தளர்த்தியது. 1960-களின் இறுதியில் பிரிட்டனில் புதைப்பதைவிட எரிப்பது அதிகமானது. அமெரிக்காவில் அந்தத் திருப்பம் வர 2016 வரை ஆனது.

விதி ஏன் வேண்டும்

தகனத்தில் ஒரு சிக்கல் உண்டு. புதைத்தால் எங்கே புதைத்தோம் என்று பின்னாளிலும் போய்ப் பார்க்கலாம். எரித்துவிட்டால் கையில் இருப்பது சாம்பல் மட்டும். அது யாருடைய சாம்பல் என்பதற்கு மேடை இயக்குபவரின் நேர்மையைத் தவிர வேறு சாட்சி இல்லை. பிரிட்டன் கூட்டமைப்பின் நடைமுறை விதிகளில் அதனால்தான் அடையாளம் முதன்மையாக இருக்கிறது. உடலோடு பெயர் அட்டை கடைசி வரை கூடவே போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு அறையில் ஒரு உடல்தான். வந்த பெட்டியை அப்படியே உள்ளே அனுப்ப வேண்டும், அதிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது. அடுத்த உடல் போகுமுன் முந்தைய சாம்பல் முழுவதும் வெளியே வந்திருக்க வேண்டும்.

இன்னொரு விதி நம் ஊர் மேடைகளுக்கும் அப்படியே பொருந்தும். இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவரின் உடலை எரிக்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும். சூட்டில் அதன் பேட்டரி வெடிக்கும். உலை சேதமாகும், அருகில் நிற்பவருக்குக் காயம் ஏற்படலாம். வீட்டில் யாருக்காவது இந்தக் கருவி இருந்தால் மருத்துவமனையிலேயே சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க முடியாமல் போயிருந்தால் மேடை ஊழியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

விதியும் கண்காணிப்பும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2002-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது ஒன்று போதும். ஒரு தனியார் தகன மேடையின் வளாகத்தில் எரிக்கப்படாத 300-க்கும் மேற்பட்ட உடல்கள் கிடந்தன. குடும்பங்களிடம் வேறு ஏதோ பொடியைச் சாம்பல் என்று கொடுத்திருந்தார்கள். அந்த மேடையைச் சோதிக்கும் அதிகாரம் யாருக்கும் தெளிவாக இல்லாத ஓட்டை அப்போதைய சட்டத்தில் இருந்தது. அதன் பிறகு மாநிலங்கள் சட்டங்களை இறுக்கின. மேடை இயக்குபவர்களுக்குச் சான்றிதழ் பயிற்சி தருவது அங்குள்ள சங்கங்களின் முக்கியப் பணிகளில் ஒன்று.

சங்கம் என்றால் எல்லாம் நன்மை என்றும் சொல்ல மாட்டேன். முதலீடு பெருகப் பெருக, இந்தச் சங்கங்கள் தொழிலின் லாபத்தையும் காக்கத் தொடங்கின. அமெரிக்காவில் துயரத்தில் இருக்கும் குடும்பத்திடம் தேவையில்லாததையும் சேர்த்து விற்கிறார்கள் என்று புகார்கள் குவிந்தன. 1984-ல் அந்நாட்டின் வணிக ஆணையம், அடக்கச் சேவை நடத்துபவர்கள் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலைப் பட்டியல் தர வேண்டும் என்று விதித்தது. சாவு வீட்டில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். அதனாலேயே விலை முன்கூட்டியே சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கைவிடப்பட்ட கல்லறைகளுக்கு ஒரு சங்கம்

மூன்றாவது வகை ஒன்று உண்டு. நீலகிரிக்கு நேரடியாக உறவுள்ளது இதுதான். கான்பூரில் பிறந்த தியான் வில்கின்சன் என்பவர் 1976-ல் லண்டனில் தெற்காசியாவிலுள்ள ஐரோப்பியர் கல்லறைகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். இது தொழில் சங்கமல்ல, தன்னார்வலர்களுடையது. உறுப்பினர்கள் தங்கள் பயணங்களில் பார்த்த கல்லறைகளைப் படம் எடுத்து, கல்வெட்டை எழுதி அனுப்புகிறார்கள். அந்தக் கோப்புகள் பிரிட்டிஷ் நூலகத்தில் சேர்கின்றன. பழுது பார்க்க உள்ளூர்க் குழுக்களுக்குச் சிறு உதவித்தொகையும் தருகிறார்கள்.

இந்த வேலைக்கு ஒரு முன்னோடி நம் மாகாணத்திலேயே உண்டு. ஐ.சி.எஸ். அதிகாரி ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணம் முழுவதும் உள்ள கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுக்க, அரசு அச்சகம் 1905-ல் அதை வெளியிட்டது. கல் உடைந்துபோன இடங்களில் இன்று அந்தத் தொகுப்புதான் ஆதாரம். ஆனால் அதில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். எஸ்டேட்டில் காடு வெட்டித் தேயிலை நட்டவர்கள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதை அப்படித் தொகுத்தவர் யாரும் இல்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரியிலும் கூடலூரிலும் குடியேறிய குடும்பங்களின் முதல் தலைமுறை இப்போது தேயிலைக் காட்டின் ஓரங்களில் உறங்குகிறது. கல் இல்லை, பெயர்ப் பலகை இல்லை. தோட்டம் கைமாறினால் அந்த இடத்துக்குப் போகும் பாதைக்கே உத்தரவாதம் இல்லை. இது சரிசெய்யப்பட வேண்டியது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நம் மலையில் இன்று

தமிழ்நாட்டில் மயானப் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் இருக்கிறது. 1999-ல் வந்த ஊராட்சி விதிகளின்படி குடியிருப்புக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் 90 மீட்டருக்குள் புது மயானம் அமைக்கக் கூடாது. சரிவும் ஓடையும் நிறைந்த மலையில் இந்தத் தூரத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. தேவாலயக் கல்லறைகள் பங்குக் குழுவிடம், கபர்ஸ்தான் ஜமாத்திடம், ஹட்டி மயானம் ஹட்டியிடம், எஸ்டேட் மயானம் நிர்வாகத்தின் தயவில் என்று மற்றவை பிரிந்து கிடக்கின்றன. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் கத்தோலிக்கர்கள் ஒன்றுகூடிச் சுத்தம் செய்வது நல்ல வழக்கம். ஆனால் ஒரு மயானத்தில் கற்றது பக்கத்து மயானத்துக்குப் போவதில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டங்களைப் பல சபைகள் சேர்ந்த ஒரு வாரிய அறக்கட்டளை கவனிக்கிறது. அந்த அளவுக்குக் கூட மலையில் நாம் கைகோத்ததில்லை.

எரிப்பதிலும் மலைக்கு என்று தனிச் சிரமம் இருக்கிறது. விறகுச் சிதைக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த விறகு வேண்டும். மழை மாதங்களில் இங்கே காய்ந்த விறகு கிடைப்பது அரிது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருப்பதால் நினைத்தபடி மரம் வெட்டவும் முடியாது, வெட்டவும் கூடாது. எரிவாயு தகன மேடை வந்தது இதற்கெல்லாம் நல்ல விடை. விறகுத் துண்டுகளைக் குறைந்த காற்றில் புகையவிட்டால் எரியக்கூடிய வாயு வரும். அதை அறைக்குள் செலுத்தி எரித்து உடலைத் தகனம் செய்கிறார்கள். விறகு பாதிக்கும் கீழே குறைகிறது, மழையும் ஒரு பொருட்டில்லை.

ஆனால் அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் மூடிவிட்டு வேலை செய்தால், கசிவு ஏற்பட்டாலும் தெரியாது. தலைவலி, மயக்கம், அப்புறம் உயிருக்கே ஆபத்து. இந்த ஒரு காரணத்துக்காகவே மேடை இயக்குபவருக்கு முறையான பயிற்சியும் வாயு எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். மயான வேலையைப் பரம்பரைச் சுமையாகச் சில சாதியினர் தலையில் வைத்து, வெட்டியான் என்று ஒதுக்கிவைத்தது நம் சமூகம். பயிற்சி, சான்றிதழ், சம்பளம், கையுறை, முகக்கவசம், மருத்துவப் பரிசோதனை என்று வரும்போதுதான் அது எல்லோரும் மதிக்கும் வேலையாகும். தனித்தனிச் சாதிக்குத் தனித்தனிச் சுடுகாடு என்ற நிலையும் மாற வேண்டும். சாதி வேறுபாடில்லாத பொது மயானத்தைப் பயன்படுத்தும் சிற்றூர்களுக்குத் தமிழக அரசு ரூ.10 லட்சம் ஊக்கத்தொகை தருகிறது.

மலையில் இப்படி ஒரு கூட்டமைப்பு வந்தால், முதல் கூட்டத்தில் குழி தோண்டுபவரும் மேடை இயக்குபவரும் பேச வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். சரிவில் எந்தப் பக்கம் வடிகால் வெட்டினால் குழிக்குள் நீர் வராது, எந்தக் கல் அடுத்த மழைக்கு நிற்காது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பிரிட்டனில் கல்லறைக் கல் சாய்ந்து குழந்தைகள் இறந்த பிறகுதான் கல்லை அசைத்துப் பார்த்து உறுதி செய்யும் சோதனை பரவலானது. நாம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.

கூட்டமைப்பு வரும் வரை ஒவ்வொரு மயானமும் தானே தொடங்கக்கூடிய வேலை பதிவேடு. இறப்பை 21 நாட்களுக்குள் உள்ளாட்சியில் பதிவு செய்வது சட்டம், அது தனி. மயானப் பதிவேடு என்பது இடத்தின் பதிவேடு. இறந்தவர் பெயர், வயது, ஊர், இறந்த நாள், அடக்கம் அல்லது தகனம் செய்த நாள், வரிசை எண், இட எண், சாம்பலை வாங்கியவர் பெயரும் கையெழுத்தும், பொறுப்பான ஊழியரின் கையெழுத்து. இதோடு நிலத்தின் வரைபடம் ஒன்று, அதில் இட எண்கள். கல் வைக்க வசதியில்லாத குடும்பத்துக்கும் இந்த எண் இருந்தால் போதும், பேரன் வந்து கேட்டாலும் இடத்தைக் காட்டலாம். ஆண்டுக்கு ஒருமுறை பக்கங்களைப் படம் எடுத்து, ஒரு பிரதியை வேறு கட்டடத்தில் வையுங்கள். இங்குள்ள ஈரத்தில் தாள் சீக்கிரம் பூஞ்சை பிடித்துவிடும்.